சீட்டித் துணியின் வழக்கு



நான் சரித்திர ஆசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், 1994-ஆம் ஆண்டில், ஒரு சொற்போர் நடைபெற்றது. டங்கல் என்னும் பெயர் தேநீர்க் கடைப் பலகைகளிலும் அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. அயல்நாட்டுச் சரக்குக்கு வரி வேண்டுமா, வேண்டாவா என்பதே சொற்போரின் பொருள். கட்சிக்கு மூவராக அறுவர் பேசினர். அறுவரும் செய்தித்தாள்களிலிருந்து திரட்டிய வாக்கியங்களை ஏற்ற இறக்கத்தோடு முழங்கினர். நடுவனாக வீற்றிருந்த எனக்கு அவர்களுடைய உச்சரிப்பு மிகுந்த மகிழ்ச்சியை அளித்தது. இறுதியில் அவையோருக்கும் பேச வாய்ப்பு உண்டு என்று அறிவித்தோம். நெசவுத் தெருவிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். "இவ்வளவு நேரம் துணியைப் பற்றிப் பேசினார்களே, இவர்களில் பாவு ஓடத் தெரிந்தவர் ஒருவரேனும் உண்டா, ஐயா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். தலைப்பை ஒட்டிப் பேசவில்லை என்று சொல்லி அவனை ஒதுக்கினேன். அன்று எனக்கு அது நியாயமாகவே தோன்றிற்று. சில ஆண்டுகள் கழித்து, 1719-ஆம் ஆண்டின் லண்டன் நகரச் செய்திகளைப் படிக்கப் புகுந்தபோதுதான் அவனுடைய கேள்வி என்னைத் திரும்ப வந்து பிடித்துக்கொண்டது.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் லண்டன் வீதிகளில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. ஸ்பிட்டல்பீல்ட்ஸ் என்னும் பகுதியிலிருந்து நெசவாளர் ஆயிரக்கணக்கில் திரண்டு புறப்பட்டனர். அவர்கள் அரண்மனையைத் தாக்கவில்லை, பண்டகசாலையைக் கொள்ளையிடவில்லை. வீதியில் நடந்து சென்ற பெண்களைத் துரத்தினார்கள். இந்தியச் சீட்டித் துணியில் பாவாடையோ மேலங்கியோ அணிந்திருந்த பெண் கண்ணில் பட்டால், அவள் உடலிலிருந்தே துணியைக் கிழித்தெறிந்தார்கள், மையை ஊற்றினார்கள், திராவகத்தையும் வீசினார்கள். அத்திராவகம் உங்கள் இரசாயனப் பாடத்தில் வரும் நைட்ரிக் அமிலமே. லண்டன் மேயர் நகரப் படையை வரவழைத்தார். சிலர் சிறைப்பட்டனர். கலகம் அடங்கியதுபோல் தோன்றிப் பின்னும் பன்முறை தலைதூக்கிற்று.

ஒரு துணியின்மேல் இத்தனை ஆத்திரம் ஏன் என்று நீங்கள் வியக்கலாம். அந்தத் துணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

பருத்தித் துணியில் நிலைத்து நிற்கும் வண்ணம் ஏற்றுதல் எளிய வித்தை அன்று. பருத்தி நூல் சாயத்தை எளிதில் ஏற்காது. ஏற்றாலும் துவைக்கத் துவைக்க விட்டுவிடும். படிகாரம் முதலிய காரங்களைத் துணியில் முன்னதாக ஏற்றிவைத்தால்தான் சாயம் நூலைக் கவ்விப் பிடிக்கும். இவ்வுண்மையை நம் நாட்டுச் சாயக்காரர் நெடுங்காலமாகக் கைக்கொண்டிருந்தனர். சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் விளையும் சாயவேரிலிருந்து ஆழ்ந்த செந்நிறம் எடுத்தனர். நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடித் துணியை நீலத் தொட்டியில் தோய்த்தனர். மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் முதலிய துறைகளின் சுற்றுவட்டாரத்தில் இத்தொழில் சிறந்து விளங்கிற்று. ஒரு திரைச்சீலையைக் கையால் எழுதி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். மீண்டும் மீண்டும் துவைத்தாலும் அதன் வண்ணம் மங்காது.

ஐரோப்பாவில் அக்காலத்தில் மக்கள் உடுத்தியது பெரும்பாலும் கம்பளியும் சணல்நாரால் நெய்த லினனுமே. செல்வர் பட்டு உடுத்தினர். கம்பளி கனமானது, அடிக்கடி துவைக்க இயலாதது. பட்டு விலையுயர்ந்தது. இவற்றின் நடுவே மெல்லியதும், துவைக்கத் தக்கதும், பூவும் கொடியுமாக எழுதப்பட்டதும், விலை குறைந்ததுமான ஒரு துணி வந்து இறங்கினால் யார்தாம் விரும்பார்? முதலில் அது திரைச்சீலையாகவும் கட்டில் விரிப்பாகவும் வீட்டினுள் நுழைந்தது. பின்னர்ப் பணிப்பெண்கள் அதனை உடுத்தனர். அப்பால் எசமானிகளும் உடுத்தனர். பெருமாட்டிக்கும் பணிப்பெண்ணுக்கும் உடையில் வேற்றுமை தெரியவில்லையே என்று சிலர் புலம்பியதும் உண்டு. வாணிகத் தர்க்கத்துக்குள் இந்தப் புலம்பலும் ஒளிந்திருந்தது என்பதை மறக்கலாகாது. கிழக்கிந்தியக் கும்பினியின் இறக்குமதி 1684-ஆம் ஆண்டில் பத்து இலட்சம் உருப்படிகளைக் கடந்துவிட்டது. கள்ளிக்கோட்டையின் பெயரால் அத்துணிகளை ஆங்கிலேயர் காலிகோ என்றழைத்தனர். அவற்றுள் பெரும்பகுதி கள்ளிக்கோட்டையைக் கண்ணாலும் கண்டதில்லை!

நட்டம் அடைந்தவர் யாவர்? கம்பளி நெய்தவரும் பட்டு நெய்தவரும். கம்பளியோ இங்கிலாந்தின் தலையாய தொழில். நிலப்பிரபுக்களின் ஆட்டு மந்தைகள் முதல் குடிசைப் பெண்களின் இராட்டை வரையில் அதனையே நம்பி இருந்தன. பட்டு நெய்தவருட் பலர் பிரான்சிலிருந்து ஓடிவந்த பிராட்டஸ்டண்டு அகதிகள். பதினான்காம் லூயி மன்னன் 1685-இல் அவர்களுடைய மதவுரிமையைப் பறித்தபோது உயிர் தப்பி வந்து லண்டனின் கிழக்கே தறி நாட்டியவர்கள். ஓரிடத்தில் வாழ்விழந்து வந்தவனுக்கு மற்றோரிடத்திலும் வாழ்வு ஆட்டங்கண்டால் எப்படி இருக்கும்? பெண்களின் உடையைக் கிழித்தவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆயினும் அவர்கள் வயிறு காய்ந்தவர்கள் என்பதையும் சொல்லாமல் விடலாகாது. 1697-இல், பார்லிமெண்டில் தடைச் சட்ட மசோதா விவாதத்தில் இருந்தபோதே, அவர்கள் கும்பினியின் தலைமை அலுவலகத்தைத் தாக்கினார்கள்.

இங்கே கவனிக்கத்தக்க மற்றொரு செய்தி உண்டு. இங்கிலாந்தில் அச்சிடுவதற்கு முன் அரசாங்க அனுமதி பெறவேண்டும் என்றிருந்த சட்டம் 1695-இல் காலாவதி ஆயிற்று. பார்லிமெண்டு அதனைப் புதுப்பிக்கவில்லை. அதன்பின் அச்சகங்கள் பெருகின. 1702-இல் முதல் நாளிதழ் தோன்றிற்று. காப்பிக் கடைகளில் பத்திரிகைகளை ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். ஆகவே, வாணிகத்தைப் பற்றிய வழக்கு மந்திரிகளின் அறையிலிருந்து முதன்முதலாகத் தெருவுக்கு வந்தது எனலாம். அதற்குமுன் ஒரு வியாபாரச் சங்கத்துக்குச் சலுகை வேண்டுமாயின் அரசவையில் வேண்டியவரைப் பிடித்தால் போதும், பணப்பை பேசும். கும்பினியார் இவ்வித்தையில் கைதேர்ந்தவர்கள். 1695-இல் நடந்த விசாரணையில், கும்பினியின் பணம் யார் யாருக்குப் போயிற்று என்று கணக்குக் காட்ட மறுத்ததற்காக அதன் தலைவராயிருந்த சர் தாமஸ் குக் லண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பப்பட்டார். இனிமேல் பணப்பையோடு அச்சுப்பொறியும் வேண்டியதாயிற்று.

கும்பினியின் பக்கம் சார்லஸ் டாவெனன்ட் எழுதினார். எதிர்ப்பக்கம் ஜான் போலெக்ஸ்பென் எழுதினார். இவர்களையெல்லாம் விஞ்சிய ஒரு நூல் 1701-இல் பெயரின்றி வெளிவந்தது. ஹென்றி மார்ட்டின் என்பவரே அதன் ஆசிரியர் என்பர். அவருடைய வாதம் இன்றைக்கும் பொருளாதார வகுப்பில் நிமிர்ந்து நிற்கக்கூடியது. மரம் அறுக்கும் ஆலை ஒன்றில் இருவர் வேலை செய்து முப்பதுபேர் செய்யும் வேலையை முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆலையை ஒதுக்கிவிட்டு முப்பது பேரையும் கையால் அறுக்கச் சொன்னால் நாட்டுக்கு லாபமா? இந்திய வாணிகமும் ஓர் ஆலையைப் போன்றதே. குறைந்த உழைப்பைச் செலவிட்டு வேண்டிய துணியைப் பெறுகிறோம். மிஞ்சிய கைகளை வேறு தொழிலுக்கு அனுப்பலாம். இவ்வாறு அவர் வாதித்தார். ஆதம் ஸ்மித்தின் பெருநூல் வெளிவர இன்னும் எழுபத்தைந்து ஆண்டுகள் இருந்தன என்பதை நினைவிற் கொள்க.

வாதம் கூர்மையானதே. மிஞ்சிய கைகள் என்று அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டாரே, அக்கைகளுக்கு உரியவர் யார்? நாற்பது வயதில் பட்டுத் தறியை விட்டு இறங்கி அவர் எங்கே போவார்? இதற்கு விடை அந்நூலில் தெளிவாக இல்லை. பிற்கால நூல்கள் பலவற்றிலும் இல்லை.

நூல் எவ்வளவு கூர்மையானதாயினும் சட்டம் அதற்குமுன்பே நிறைவேறிவிட்டது. 1700-இல் செய்யப்பட்டு 1701 செப்டம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. இந்தியா, பாரசீகம், சீனம் ஆகிய நாடுகளிலிருந்து வரும் பட்டையும், அங்கு எழுதியும் அச்சிட்டும் சாயம் தோய்த்தும் வரும் காலிகோவையும் இங்கிலாந்துக்குள் உடுத்தலாகாது, பயன்படுத்தலாகாது என்றது. அச்சரக்கு துறைமுகக் கிடங்கில் பூட்டப்பட்டு மறு ஏற்றுமதிக்கு மட்டும் வெளிவரலாம் என்றது. வெள்ளைத் துணிக்கு மட்டும் வரியோடு இடம் கொடுத்தது.

அந்தச் சந்தினுள்ளே ஒரு புதுத் தொழில் முளைத்தது. வெள்ளைக் காலிகோவை இறக்கி லண்டனைச் சுற்றிலும் உள்ள பட்டறைகளில் இந்தியப் பாணியில் பூக்களை அச்சிட்டு விற்கத் தொடங்கினர். 1712-இல் இவ்வச்சுத் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பென்னி தீர்வை விதித்தார்கள். இரண்டாண்டுகளில் அதனை இரட்டிப்பாக்கினார்கள். அப்படியும் விற்பனை தளரவில்லை. வேலி போட்டார்கள், வேலியின் உட்புறத்திலேயே அது முளைத்துவிட்டது.

இனி, எனக்கு வியப்பூட்டிய ஒரு பகுதிக்கு வருகிறேன். இராபின்சன் குரூசோ கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். அதன் ஆசிரியர் டானியல் டிபோ காலுறை வியாபாரம் செய்து, 1692-இல் கடனில் மூழ்கியவர். துண்டுப் பிரசுரம் ஒன்று எழுதியதற்காக 1703-இல் கழுமரத்தையொத்த தண்டனைச் சட்டத்தில் தலையும் கையும் பூட்டப்பட்டு நடுத்தெருவில் நின்றவர். மந்திரி ராபர்ட் ஹார்லியின் தயவால் வெளிவந்த அவர் 'ரெவ்யூ' என்னும் பத்திரிகையைத் தனியொருவராக ஒன்பது ஆண்டுகள் எழுதினார். அதில் 1708-இல் இந்தியத் துணிகள் வீட்டின் மூலை முடுக்கெல்லாம் புகுந்துவிட்டதைப் பற்றி ஏளனமாக எழுதினார். சரி, அவர் காப்புக் கட்சிக்காரர் என்று நினைப்பீர்கள். 1713-இல் யூட்ரெக்ட் சமாதானத்தின்போது பிரான்சோடு தாராள வாணிகம் செய்ய அரசாங்கம் ஓர் உடன்படிக்கை கொணர்ந்தது. அதனை ஆதரித்து 'மெர்க்கேட்டர்' என்னும் பத்திரிகை எழுதியவர் அதே டிபோ! அதனை எதிர்த்து, பிரெஞ்சுச் சரக்கு வந்தால் நாடு பாழாகும் என்று 'பிரிட்டிஷ் மெர்ச்சண்டு' என்னும் பத்திரிகையில் எழுதியவர்களுள் ஒருவர் யார்? தடையற்ற வாணிகத்தின் தந்தை எனத்தக்க அதே ஹென்றி மார்ட்டின்!

இருவரும் தத்தம் இடங்களை மாற்றிக்கொண்டு எதிர்எதிரே நின்றார்கள். உடன்படிக்கையின் வாணிக விதிகள் காமன்ஸ் சபையில் 185-க்கு 194 என்ற வாக்குகளில் தோற்றன. ஒன்பதே வாக்குகள்! பத்திரிகை எத்தனை வாக்குகளைத் திருப்பியது என்று யாராலும் அளந்துரைக்க இயலாது. ஆயினும், ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் முடிந்த ஒரு காரியத்தில் அதற்குப் பங்கே இல்லை என்று நான் நம்பமாட்டேன். ஆட்சி மாறிய பின் மார்ட்டினுக்கு ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளின் தலைமை மேற்பார்வையாளர் பதவி கிடைத்தது.

இதனைக் கேட்டு, எழுதுகிறவரெல்லாம் விலைபோனவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். மார்ட்டின் 1701-இல் எழுதிய வாதம், 1713-இல் அவர் எங்கே நின்றார் என்பதனால் பொய்யாகிவிடவில்லை. ஒருவர் கூலிக்குச் சொன்ன சொல்லும் மெய்யாயிருக்கலாம். மனமாரச் சொன்ன சொல்லும் தவறாயிருக்கலாம். ஆகவே வாசிப்பவனுக்கு வேலை இரட்டிப்பாகிறது. எழுதியவனை யார் அமர்த்தினார்கள் என்றும் கேட்கவேண்டும். அதற்கு அப்பால், எழுதியது சரிதானா என்று தனியே கேட்கவும் வேண்டும். முதற்கேள்வியோடு நின்றுவிடுதல் சோம்பேறித்தனம்.

1719-க்குத் திரும்புவோம். ஏப்ரல் மாதத்தில் இராபின்சன் குரூசோ வெளிவந்தது. ஜூனில் கலகம். அக்டோபர் இறுதியில் 'மானுபாக்சரர்' என்னும் புதுப் பத்திரிகை தோன்றிற்று. நெசவாளரின் நலத்துக்காகவே நடத்தப்பட்ட அப்பத்திரிகையில் டிபோவின் கை இருந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. எதிர்த்தரப்பாருக்கும் எழுத்தாளர் இருந்தனர். ஜான் ஆஸ்கில் என்பவர் மறுப்பு எழுதினார். அம்மறுப்புக்கு மறுப்பு எழுதியவர் கிளாடியஸ் ரே என்னும் நெசவாளர். தறியில் உட்கார்ந்தவரே பேனாவைப் பிடித்தார் என்பது இவ்வழக்கின் பெருமைகளுள் ஒன்று. என் மாணவன் கேட்ட கேள்விக்கு லண்டனில் ஒரு விடையாவது இருந்தது.

தெருப்பாட்டுகளும் வந்தன. அவற்றின் போக்கு அவ்வளவு பெருமைக்குரியது அன்று. சீட்டி உடுத்திய பெண்ணைக் 'காலிகோ மேடம்' என்று பெயரிட்டு, ஒழுக்கங்கெட்டவள், நாட்டைக் காட்டிக் கொடுத்தவள் என்று பாடினார்கள். கும்பினியின் பங்குதாரனை விட்டுவிட்டார்கள்; சட்டத்தில் சந்து வைத்த பார்லிமெண்டு உறுப்பினனை விட்டுவிட்டார்கள்; துவைத்தால் சாயம் போகாத ஒரு பாவாடையை நான்கு ஷில்லிங்கோ ஐந்து ஷில்லிங்கோ கொடுத்து வாங்கிய வேலைக்காரியைப் பிடித்துக்கொண்டார்கள். அச்சில் அவளைப் பழித்த பாட்டும் வீதியில் அவள்மேல் விழுந்த திராவகமும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதே சமயம், பாட்டு எழுதியவன்தான் திராவகத்தை ஊற்றினான் என்பதும் நியாயம் ஆகாது. பசி தனியே ஒரு காரணம் அன்றோ?

நாடெங்கிலுமிருந்து பார்லிமெண்டுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. இடையே 1720-இல் தென்கடல் கும்பினியின் பங்குகள் வானளாவ ஏறி வீழ்ந்து பல குடும்பங்களை அழித்தன. மக்கள் கும்பினி என்ற சொல்லையே வெறுத்த வேளை. இச்சூழ்நிலையில் 1721-இல் சட்டம் நிறைவேறிற்று. 1722-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாள் முதல், எங்கே அச்சிட்டதாயினும் சரி, அச்சுக் காலிகோவை உடுத்தலும் வீட்டில் பயன்படுத்தலும் குற்றமாயிற்று. உடுத்தியவருக்கு ஐந்து பவுன் அபராதம். விற்றவருக்கு இருபது பவுன். உடுத்தியவரிடம் வாங்கும் ஐந்து பவுன், காட்டிக் கொடுத்தவனைச் சேரும்! ஒரு பணிப்பெண்ணின் ஆண்டுக் கூலியை ஒத்த தொகை அது. முழுதும் நீலம் தோய்த்த துணிக்கும், மஸ்லினுக்கும், சணலும் பருத்தியும் கலந்த பஸ்டியன் துணிக்கும் விலக்கு அளித்தார்கள். பிரான்சில் இதைவிடக் கடுமையான தடை 1686 முதல் 1759 வரை இருந்தது. கள்ளத்தனமாகக் கொணர்ந்தவர் துடுப்பு வலிக்கும் அடிமைத் தண்டனையும் பெற்றனர். இருந்தும் இரு நாட்டிலும் துணி கடல் வழியே திருட்டுத்தனமாக வந்துகொண்டேதான் இருந்தது. தடை செய்யாத ஒல்லாந்து அருகிலேயே இருந்ததன்றோ?

இத்தனை அமளியும் நடந்தபோது நம் கடற்கரையில் என்ன நடந்தது?

லண்டனில் பெண்களின் சீட்டி கிழிபட்ட அதே ஆண்டில், சென்னையில் ஜோசப் காலெட் கவர்னராக இருந்தார். அவர் 1717 முதல் 1720 வரை பதவி வகித்தவர். திருவொற்றியூருக்கு அருகே நெசவாளரையும் சாயக்காரரையும் குடியேற்றி ஒரு பேட்டை அமைத்தார். காலெட்பேட்டை என்ற அதன் பெயரே நம் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. அங்கே லண்டனில் உடுத்தாதே என்று சட்டம். இங்கே நெய்துகொடு என்று பேட்டை! இதில் முரண்பாடு ஏதுமில்லை. தடை உடுப்பதற்குத்தான், விற்பதற்கு உலகம் கிடந்தது. கிடங்கில் பூட்டப்பட்ட துணி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றது. அங்கே அதனைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். அம்மனிதர்களைக் கப்பலேற்றி அமெரிக்கத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமையாக்கினார்கள். கினித் துணி என்று நம் சரக்குக்கு ஒரு பெயர் வழங்கியதன் பொருள் இதுவே. இதனைச் சொல்லும்போது என் குரல் தடுமாறுகிறது. நம் நெசவாளனுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. லண்டன் துண்டுப் பிரசுரங்களில் இதனை ஒரு குற்றமாகக் கருதியவரை நான் காணவில்லை. உலகம் ஒன்றோடொன்று இணைவதைப் பற்றி இன்று நாம் பேசுகிறோமே, அது புதிதன்று. அன்றே ஒரு துணி நான்கு கண்டங்களைக் கட்டிவைத்தது. எந்த முடிச்சால் கட்டிற்று என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

பின்னர் 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் மற்றொரு நெசவாளர் குடியிருப்பை நகருக்குள் அமைத்தார். சின்னத்தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை என வழங்கலாயிற்று என்பர். புதுப் பேட்டைகள் எழுந்தது ஏன்? நெசவாளனுக்கு அக்காலத்தில் ஓரளவு பேரம் பேசும் வலிமை இருந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வணிகனிடம் போகலாம். அநீதி பொறுக்காவிடின் ஊரோடு எழுந்து வேறிடம் பெயரலாம். அவனைப் பிடித்து நிறுத்தச் சலுகை காட்டவேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளனின் வருவாய், அக்கால இங்கிலாந்து நெசவாளனின் வருவாய்க்குத் தாழ்ந்ததன்று என்று பிரசன்னன் பார்த்தசாரதி என்னும் வரலாற்றாசிரியர் வாதிடுகிறார். இந்தியத் துணி மலிவானது, ஏனெனில் இந்தியன் பட்டினிக் கூலிக்கு உழைத்தான் என்று லண்டன் பிரசுரங்கள் திரும்பத் திரும்பக் கூறின. அது எவ்வளவு தூரம் உண்மை என்று கேட்டு எழுத அங்கே ஒருவரும் இல்லை. மார்ட்டின் எழுதினார், டிபோ எழுதினார், கிளாடியஸ் ரே எழுதினார். காலடிப்பேட்டையின் கட்சியை எழுத ஆளில்லை. கும்பினி எழுதியது கும்பினியின் கட்சியே.

தடையால் விளைந்தது என்ன? நெசவாளர் எதிர்பார்த்தபடி மக்கள் கம்பளிக்கும் பட்டுக்கும் திரும்பிவிடவில்லை. பருத்தியின் மேல் ஆசை ஏறியவர்களுக்கு, விலக்குப் பெற்ற பஸ்டியனே புகலிடமாயிற்று. 1736-இல் அதன்மேல் அச்சிடலாம் என்று சட்டம் தெளிவாக்கப்பட்டது. லங்காஷையரில் தறிகள் பெருகின. பாவுக்குத் தக்க வலிமையுள்ள பருத்தி நூலை அவர்களால் நூற்க முடியவில்லை. ஆகவே பாவுக்குச் சணலும் ஊடைக்குப் பருத்தியும் போட்டார்கள். அக்குறையை நீக்கப் பொறி தேடினார்கள். ஹார்கிரீவ்சின் இராட்டை 1764-ஐ ஒட்டியும், ஆர்க்ரைட்டின் நூற்பு எந்திரம் 1769-இலும் வந்தன. ஆர்க்ரைட்டின் நூல் பாவுக்குத் தாங்கிற்று. உடனே அவர் பார்லிமெண்டை அணுகினார். முழுப் பருத்தியில் இங்கிலாந்திலேயே நெய்த அச்சுத் துணிக்கு 1774-இல் தடை நீங்கிற்று. இந்தியத் துணிக்கு நீங்கவில்லை.

தடைச் சட்டந்தான் எந்திரங்களை ஈன்றதா? இல்லாவிடில் அவை வந்திருக்குமா? சரித்திர அறிஞர் இன்றும் ஒருமுகமாக இல்லை. இந்தியத் துணியின் போட்டியும் அதனைத் தடுத்த வேலியும் சேர்ந்தே லங்காஷையரைத் தூண்டின என்பது பார்த்தசாரதி 2011-இல் வெளியிட்ட நூலின் கருத்து. நிலக்கரியின் மலிவும் கூலியின் உயர்வுமே காரணம் என்பார் வேறு சிலர். என் சிற்றறிவுக்கு, வேலி ஒரு காரணமே என்றும், வேலியினால் மட்டும் ஒரு தொழில் வளராது என்றும் படுகிறது. பிரான்சும் வேலி கட்டிற்றே. அங்கே ஏன் ஆர்க்ரைட் தோன்றவில்லை? வரியை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இச்சரித்திரத்தில் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதை நான் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன்.

பிற்பகுதியை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். விரைந்து சொல்லி முடிக்கிறேன். எந்திரத் துணி மலிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், வேலிக்குள் வளர்ந்த லங்காஷையர் தடையற்ற வாணிகத்தின் கோயிலாக மாறிற்று. மான்செஸ்டர் ஆலையதிபர்களின் வற்புறுத்தலால் 1882-இல் இந்தியாவின் இறக்குமதி வரிகள் ஏறத்தாழ முழுதும் நீக்கப்பட்டன. 1894-இல் அரசாங்கத்தின் பணமுடை தீர இறக்குமதி வரி மீண்டும் வந்தபோது, இந்திய ஆலைகளுக்கு அதனால் ஆதாயம் கிடைத்துவிடலாகாதென்று ஆலைப் பருத்திச் சரக்கின்மீதும் ஈடாக ஓர் உள்நாட்டுத் தீர்வை விதித்தார்கள். 1896-இல் இருவகைத் துணிக்கும் மூன்றரை விழுக்காடு என்று ஆயிற்று. அத்தீர்வையை எதிர்த்து நம் பத்திரிகைகள் முப்பது ஆண்டுகள் ஓயாது எழுதின. 1925 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டது. காலடிப்பேட்டைக்கு இல்லாமற்போன பேனா, இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்து சேர்ந்தது. ஆனால் அதுவும் பெரும்பாலும் ஆலைகளின் கட்சியையே எழுதிற்று. கைத்தறிக்காரன் அப்போதும் அவையின் பின்வரிசையில்தான் இருந்தான். அன்று என் பள்ளி மண்டபத்தில் எழுந்து நின்ற மாணவனைப் போல.

லண்டனில் டேவிட் காரிக் என்னும் புகழ்பெற்ற நடிகர் வாழ்ந்தார். கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேய வணிகர் சிலர் அவருடைய மனைவிக்குச் சோழமண்டலக் கரையில் எழுதிய அழகிய சீட்டித் திரைகளைப் பரிசாக அனுப்பினர். படுக்கையறைக் கட்டிலுக்கென்று அவற்றை வைத்திருந்தபோது, 1775-இல், தடைச் சட்டத்தைக் காட்டிச் சுங்க அதிகாரிகள் வந்து பறிமுதல் செய்தனர். இங்கிலாந்துத் துணிக்கு விடுதலை கிடைத்து ஓராண்டே ஆகியிருந்தது. தம் மனைவி அழுகிறாள் என்று காரிக் அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த நண்பருக்கு வேடிக்கையும் வேதனையுமாகக் கடிதம் எழுதினார். அக்கட்டிலும் அதன் சீட்டித் துணியும் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. வெள்ளை நிலத்தில் கிளைத்தோடும் கொடியும் பூவுமாக எழுதிய துணி. கட்டிலைச் செய்த தச்சுப் பட்டறை சிப்பண்டேல் என்பாருடையது என்று பெயரோடு குறித்திருக்கிறார்கள். துணியை எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது.